ஒரே சர்க்குலர்... ஒன்பது தலை!

ஒரு சின்னப் பரீட்சை. இன்று காலை சாப்பிட்ட டிபனைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். தட்டு தெரிகிறதா? சட்னி என்ன நிறம்? தண்ணீர் டம்ளர் எந்தப் பக்கம் இருந்தது? (டிபனே கிடைக்காதவர்கள் நேற்றைய டிபனை நினைத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டு விவகாரத்தில் நான் தலையிடுவதில்லை.)

இந்தக் கேள்வி என்னுடையது அல்ல. 1880-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் கேட்டது. பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கெல்லாம் எழுதிக் கேட்டார். சாதாரண ஜனங்களில் பலர் 'தட்டு, கிண்ணம், கரண்டி எல்லாம் பளிச்சென்று தெரிகிறது' என்றார்கள். விஞ்ஞானிகளில் பலர், 'மனக்கண் என்று ஒன்று உண்டா என்ன? அது ஏதோ கவிஞர்கள் சொல்கிற அலங்காரம் என்றல்லவா நினைத்தோம்' என்கிற தினுசில் பதில் எழுதினார்கள். கால்டனுக்கே ஆச்சரியம். மனதில் படமே வராதவர்களின் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைக்க மேலும் 135 வருஷம் ஆயிற்று. 2015-ல்தான் ஆடம் ஸீமன் என்ற டாக்டர் 'அஃபேன்டேசியா' என்று நாமகரணம் செய்தார்.

என் வீட்டிலும் பரீட்சை நடத்தினேன். "தட்டு ஓரத்துல மிளகாய்ப் பொடி சிந்தியிருந்ததே, அதுகூடத் தெரியுது" என்றாள் மனைவி. எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. 'இட்லி நாலு' என்ற தகவல் மட்டும் லெட்ஜரில் பதிந்த மாதிரி இருக்கிறது. முப்பத்தாறு வருஷம் பேங்க் உத்தியோகம் பார்த்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

பேங்க் என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே சம்பள ஒப்பந்தத்தைத் திட்டி, ஒரே டீயைக் குடிக்கிற ஒன்பது பேருடைய தலைக்குள்ளே ஒன்பது விதமான மெஷின் ஓடுகிறது என்பதை நான் நன்றாகப் பார்த்தது 2016 நவம்பரில்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளையில் அப்போது நான் மேனேஜர். 8-ம் தேதி, செவ்வாய்க்கிழமை. ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் தோன்றி, நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். நாட்டில் புழங்கிய பணத்தில், மதிப்புக் கணக்கில், சுமார் 86 சதவிகிதம் அந்த இரண்டு நோட்டுகள்தான். மறுநாள் பொதுமக்களுக்கு பேங்க் கிடையாது. 10-ம் தேதி கதவைத் திறந்தால் வாசலில் தேர்க்கூட்டம்.

ஜனங்கள் பட்ட பாட்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கௌன்ட்டருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் பட்ட பாடு வேறு தினுசு. சர்க்குலர்! காலையில் ஒன்று, மத்தியானம் அதற்கு ஒரு விளக்கம், சாயங்காலம் அந்த விளக்கத்துக்கு ஒரு திருத்தம். ஓர் ஆள் மாற்றிக்கொள்ளக்கூடிய தொகை முதலில் 4,000. பிறகு 4,500. 18-ம் தேதியிலிருந்து 2,000. 24-ம் தேதியோடு கௌன்ட்டரில் மாற்றுவதே நிறுத்தம். நடுவில் விரலில் மை. அப்புறம் கல்யாண வீட்டுக்கு இரண்டரை லட்சம், அதற்கு ஒரு பட்டியல் நிபந்தனை. போதாக்குறைக்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு பேங்க்குகள் பழைய நோட்டை வாங்கக்கூடாது என்று 14-ம் தேதி உத்தரவு. சொசைட்டியை நம்பியிருந்த விவசாயிகள் அத்தனை பேரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் கை விரித்திருந்தது. வரிசையில் நின்ற முகங்களைப் பார்க்கவே தெம்பு வேண்டும்.

தினமும் காலை ஒன்பதேகாலுக்கு ஸ்டாஃபைக் கூட்டி வைத்து அன்றைய விதிகளைச் சொல்லவேண்டியது என் வேலை. ரீஜினல் ஆபீஸிலிருந்து ஃபோன்: "எல்லார்கிட்டயும் கம்யூனிகேட் பண்ணிட்டீங்களா?" பண்ணியாகிவிட்டது என்று சொல்வது சுலபம். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை.

அக்கௌன்டன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனிதர். வாயால் சொன்ன எதுவும் அவர் காதுக்குள் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே போய்விடும். "ரிட்டனா குடுத்துடுங்க சார்" என்பார். என்னை நம்பாமல் கேட்கிறார் என்று பலர் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. அவருக்குக் காகிதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருந்தால்தான் அது நடந்த மாதிரி. வீட்டிலும் அப்படித்தானாம். காய்கறிப் பட்டியல் எழுதிக் கொடுக்காவிட்டால் வெறும் பையோடு திரும்பி வருவாராம்.

ஹெட் கேஷியர் நேர் எதிர். காகிதம் என்றால் அலர்ஜி. சர்க்குலரை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, டீ டம்ளருக்கு அடியில் போட எடுப்பார். ஆனால், கையில் கொடுத்தால் போதும்! புது 2,000 ரூபாய் நோட்டு முதன்முதலாக வந்தபோது நாங்கள் எல்லோரும் அதன் கத்தரிப்பூக் கலரையும் பின்னால் இருக்கிற மங்கள்யானையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் தடவினார். "சார், இது பழைய ஆயிரத்தை விடக் கட்டை. ஏ.டி.எம்.ல உக்காராது" என்றார். அளந்து பார்த்தால் 166-க்கு 66 மில்லிமீட்டர். பழைய ஆயிரம் 177-க்கு 73. நாடு பூராவும் ஏ.டி.எம். மெஷின்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றியமைக்க வேண்டியிருந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். அதை எங்கள் ஊரில் ஒரு கட்டைவிரல் முதலில் கண்டுபிடித்தது.

புதிதாகச் சேர்ந்த ஆபீசர் பெண் ஒருத்தி. எதற்கும் "ஏன் சார்?" ஏன் 4,000? ஏன் ஜெராக்ஸ்? ஏன் 2,000-த்தை முதலில் அடித்தார்கள்? (இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் மட்டுமல்ல, எனக்கு மேலே இருந்தவர்களிடமும் பதில் இல்லை.) வாயாடி என்று பெயர் வாங்கியிருந்தாள். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டால், விதியை மறந்தால்கூட அவளே திரும்ப அதைக் கட்டிக்கொண்டுவிடுவாள். காரணம் தெரியாத விதி அவளிடம் அரைநாள்கூடத் தங்காது.

ஆபீஸ் அஸிஸ்டன்ட் ஒருவர். பியூன் என்ற பெயரை மாற்றி ரொம்ப நாளாகிறது, வேலை மட்டும் மாறவில்லை. அவருக்கு விதி, நம்பர், தேதி எதுவும் தலையில் நிற்காது. ஆட்கள் நிற்பார்கள். 'ஒரு லட்சத்துக்கு மேல்' என்றால் புரியாது. 'மேலத்தெரு மளிகைக்காரர் மாதிரி ஆளுங்களுக்கு' என்றால் புரிந்துவிடும். ஊரில் யார் யாருக்கு மச்சான், யார் வீட்டில் எந்த மாதம் வளைகாப்பு என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிற கம்ப்யூட்டரில் உண்டு. எங்கள் கோர் பேங்கிங் அடிக்கடி படுக்கும். அவர் படுத்ததே இல்லை.

வாசல் துப்பாக்கிக்காரர் பழைய ராணுவம். ஒரு வாக்கியம் போதும். இரண்டாவது வாக்கியம் சொன்னால் முதலாவது ரத்தாகிவிடும்.

அப்புறம் ஒரு அம்மாள். கடன் பிரிவில் ஆபீசர். நாற்பது வயதைத் தாண்டியவர். கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டார். "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்றால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். அது ஆமாம் என்றா, இல்லை என்றா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முன்பு இருந்த ஓர் அதிகாரி அவருடைய வருடாந்தர மதிப்பீட்டில் 'முன்முயற்சி போதாது, கருத்துகளை வெளிப்படுத்துவதில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு வரி ப்ரமோஷன் இன்டர்வியூவில் இரண்டு தடவை அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை, நான் சாவியோடு வரும்போது அவர் ஏற்கெனவே வந்திருப்பார். "சார், நேத்து நீங்க சொன்னது... ராத்திரி யோசிச்சேன்" என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் வருவது பெரும்பாலும், முந்தின நாள் நாங்கள் எட்டுப் பேர் கத்தி முடிவு செய்த விஷயத்தின் அடிப்பலகையை உருவுகிற சமாசாரமாக இருக்கும். ஆனால், எங்கே போவது? முடிவுதான் முதல் ஐந்து நிமிஷத்திலேயே எடுத்தாகிவிட்டதே! நம் ஊரில் கூட்டம் என்பதே யார் முதலில் பேசுகிறார் என்ற ஓட்டப்பந்தயம்தானே.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். பேங்க் ட்ரெயினிங் காலேஜில் இதையெல்லாம் சொல்லித் தரமாட்டார்களா? தருவார்கள். ஒரு முறை நாற்பது கேள்வி உள்ள தாளைக் கொடுத்து, மார்க்கைக் கூட்டி, 'நீங்கள் பச்சை', 'நீங்கள் நீலம்' என்று எங்களைப் பிரித்தார்கள். நான் மஞ்சள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அதே தாளை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். சிவப்பு! சாம்பார் செய்த வேலையோ என்னவோ.

ஆட்களுக்கு இப்படி நிரந்தரமாக முத்திரை குத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. 'நீ கண்ணால் கற்பவன், நீ காதால் கற்பவன்' என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்ப பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்ற கொள்கையை 2008-ல் பேஷ்லர் என்பவரும் இன்னும் மூன்று உளவியல் அறிஞர்களும் துருவிப் பார்த்து, அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நான் சொல்வது அது அல்ல. ஜாதகம் பார்க்க வேண்டாம், ஆளைப் பாருங்கள் என்கிறேன். வேலை செய்யும்போது ஒருத்தர் எங்கே தடுமாறுகிறார், எதைக் கேட்டதும் முகம் தெளிகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்த்ததில் முதல் பலன் இரண்டாவது கௌன்ட்டர் பையனுக்குக் கிடைத்தது. சேர்ந்து ஒன்றரை வருஷம். முதல் நாள் சாயங்காலம் கேஷ் டேலி செய்தால் 4,000 ரூபாய் குறைகிறது. பேங்க்கில் கேஷ் குறைந்தால் அது கேஷியர் கைக்காசு. யாருக்கோ இரண்டு நோட்டு கூடப் போய்விட்டது. அவன் அப்பா பூ வியாபாரம். பையன் முகம் வெளிறிப்போய், மோதிரத்தைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் பின்னால் பத்து நிமிஷம் நின்றேன். ஹெட் கேஷியர் பணம் எண்ணும்போது வாடிக்கையாளரிடம் மாட்டுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டே எண்ணுவார். ஒரு நோட்டு தப்பாது. ஏனென்றால் அவருக்கு எண்ணுவது விரல். இந்தப் பையனுக்கு எண்ணுவது வாய். உதடு லேசாக அசைகிறது. வரிசையில் நிற்கிறவர் "தம்பி, ஆதார் ஜெராக்ஸ் போதுமா?" என்றால் அவ்வளவுதான். "போதும்" என்று சொல்கிற வாய், எண்ணிக்கையை விழுங்கிவிடுகிறது.

நோபல் பரிசு பெற்ற பௌதிக மேதை ரிச்சர்ட் ஃபைன்மன் 1988-ல் வந்த ஒரு புத்தகத்தில் இதையேதான் சொல்லியிருக்கிறார். அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே பேப்பர் படிப்பார். ஆனால், பேச முடியாது. அவருடைய நண்பர், புள்ளியியல் மேதை ஜான் டூக்கி, எண்ணிக்கொண்டே பேசுவார். ஆனால் படிக்க முடியாது. விசாரித்தால், ஃபைன்மன் மனதுக்குள் குரலால் எண்ணுகிறார். டூக்கியோ எண்கள் எழுதிய ஒரு நாடா மனதில் ஓடுவதைக் கண்ணால் பார்த்து எண்ணுகிறார்! 'ஒன்று, இரண்டு, மூன்று' என்கிற சமாசாரத்திலேயே இரண்டு மேதைகளுக்குள் இத்தனை வித்தியாசம் என்றால், ரிசர்வ் பேங்க் சர்க்குலரில் இருக்காதா?

மருந்து சுலபம். ஆபீஸ் அஸிஸ்டன்ட்டை அந்தக் கௌன்ட்டர் பக்கத்தில் நிற்க வைத்தேன். "தம்பி எண்ணும்போது யார் என்ன கேட்டாலும் நீங்க பதில் சொல்லுங்க." அவருக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. அதற்கப்புறம் 24-ம் தேதிவரை அந்தப் பையன் கேஷ் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. (அந்த நாலாயிரத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து போட்டுவிட்டோம். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அழுதான். அது வேறு கதை.)

இப்போது அந்த அம்மாளிடம் வருகிறேன்.

மூன்றாவது நாளே ஒரு வழக்கம் செய்துகொண்டேன். சாயங்காலம் சர்க்குலர் வந்ததும் அதில் ஒரு பிரதி அவர் மேஜைக்கு. "இப்ப எதுவும் சொல்ல வேண்டாம் மேடம். காலையில ஒன்பது மணிக்குச் சொல்லுங்க." கூட்டம் ஒன்பதேகாலுக்கு. அந்தக் கால் மணி நேரம் அவருடையது. மற்றவர்களுக்கு என்னவோ போல இருந்தது. "மேடத்துக்கு மட்டும் என்ன சார் முன்கூட்டியே கொஸ்டின் பேப்பர்?" என்று கேட்டாள் நம்ம 'ஏன்' ஆபீசர். "பதிலும் அவங்கதான் எழுதணும், அதனால" என்றேன்.

13-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றும் பேங்க் உண்டு. மாற்றும் தொகை 4,500 ஆகிறது என்று அறிவிப்பு வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஜனங்களுக்கு ஐந்நூறு கூடக் கிடைக்குமே! நானும் காகிதத்தில் எழுதி ஒட்டத் தயாராக வைத்துவிட்டேன்.

அடுத்த வேலை நாள் காலை ஒன்பது மணி. அந்த அம்மாள் ஒரு டைரித் தாளை நீட்டினார். சின்னச் சின்ன எழுத்து.

"சார், இதுவரைக்கும் நாலாயிரம்னா ரெண்டு ரெண்டாயிரமா குடுத்துட்டோம். இப்ப நாலாயிரத்து ஐந்நூறுன்னா ஆளுக்கு அஞ்சு நூறு ரூபா நோட்டு வேணும். நம்மகிட்ட இருக்கிறது ஆறே பாக்கெட். அறுநூறு நோட்டு. நூத்தி இருபது பேருக்குத்தான் வரும்."

"வர்ற வரைக்கும் குடுப்போம் மேடம். அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அக்கௌன்டன்ட்.

"அதுல்ல சார்..." அவர் தாளைத் திருப்பினார். "நேத்து வந்த ஃபார்ம் எல்லாத்தையும் பார்த்தேன். எந்த நோட்டு எத்தனைன்னு எழுதியிருக்காங்கல்ல... ஒத்த ஐந்நூறு ரூபா நோட்டோட வந்தவங்க முப்பத்தெட்டு பேர். ஒத்த ஆயிரத்தோட வந்தவங்க பத்தொன்பது. ஆயிரத்து ஐந்நூறு கொண்டுவந்தவங்க ஆறு. இவங்களுக்கு ரெண்டாயிரம் நோட்டு குடுக்க முடியாது. நூறாத்தான் குடுக்கணும். அதுக்கே நானூத்தி எழுபது நோட்டு ஆவுது. நாலாயிரத்து ஐந்நூறு கேட்கிறவங்களுக்குக் காலையிலயே நூறைக் குடுத்துட்டா... பதினோரு மணிக்கு மேல வர்ற ஒத்த நோட்டுக்காரங்களைத் திருப்பி அனுப்பணும்."

யாரும் பேசவில்லை. ஐம்பதும் இருபதும் முதல் நாளே தீர்ந்துபோயிருந்தன. புது 500 ரூபாய் நோட்டு எங்கள் பக்கம் இன்னும் தலைகாட்டவில்லை. கரன்சி செஸ்ட்டில் கேட்டால் "ரெண்டாயிரம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்கிறார்கள். ஒற்றை நோட்டோடு வருகிறவர் யார்? நூறு நாள் வேலைக்குப் போகிற கிழவி. நடவுக்கூலி வாங்கிய பெண். 4,500 மாற்றுகிறவருக்கு ஐந்நூறு குறைந்தால் அலுப்பு. இவர்களுக்கு அன்றைக்கு அடுப்பு.

சர்க்குலரில் இது இல்லை. எட்டுப் பேர் பேசியிருந்தால் இது வந்திருக்காது. ஒருத்தர் ராத்திரி பேசாமல் உட்கார்ந்து ஃபார்ம்களை எண்ணியதால் வந்தது.

பத்து மணிக்குக் கதவு திறக்கவேண்டும். நாற்பது நிமிஷம் இருந்தது. ஒரே முடிவை ஐந்து விதமாகச் சொல்லவேண்டி இருந்தது.

அக்கௌன்டன்ட்டுக்கு அரைப் பக்கம், நாலு பாயின்ட், நம்பர் போட்டு. வாங்கிப் படித்தார், கண்ணாடிக்குக் கீழே செருகிக்கொண்டார், முடிந்தது. ஹெட் கேஷியரிடம் பேச்சே இல்லை. ஆறு பாக்கெட்டை எடுத்து அவர் முன்னால் பிரித்து, ஐந்து பாக்கெட்டை இடது ட்ராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது ஒத்த நோட்டுக்கு." சாவியை மூடிக்கொண்டார். அதற்குமேல் அந்த ட்ராயரை நானே கேட்டிருந்தாலும் திறந்திருக்கமாட்டார்.

'ஏன்' ஆபீசர் கேட்டாள்: "சார், நாலாயிரத்து ஐந்நூறு வாங்க அவங்களுக்கு ரைட்ஸ் இருக்கே. இல்லைன்னு எப்படிச் சொல்றது?" நல்ல கேள்வி. அவள் கேட்டிராவிட்டால் பதினொன்றரை மணிக்கு வரிசையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கேட்டிருப்பார். "இல்லைன்னு சொல்லப் போறதில்லைம்மா. மிச்ச ஐந்நூறை அக்கௌன்ட்ல போட்டுடலாமான்னு கேக்கப் போறோம். ஒத்த நோட்டோட வர்றவங்களுக்கு நூறு வேணும், அதனாலன்னு காரணத்தையும் சொல்லப் போறோம். அதைச் சொல்ல வேண்டியது நீங்க." அன்றைக்குச் சுமார் முந்நூறு பேரிடம் அவள் அதைச் சொன்னாள். முந்நூறு தடவையும், தானே கண்டுபிடித்த மாதிரியே சொன்னாள்! பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். காரணம் சொன்னால் நம் ஜனங்கள் கேட்பார்கள், சார். காரணம் சொல்லாமல் விரட்டினால்தான் கல் எடுப்பார்கள்.

ஆபீஸ் அஸிஸ்டன்ட்டிடம் சொன்னேன்: "நம்ம கூடை பின்ற ஆத்தா இருக்குல்ல, அது ஒத்த ஐந்நூறு ரூபாயோட வந்தா அஞ்சு நூறு ரூபா நோட்டு கெடைக்கணும்." அவ்வளவுதான். வெளியே போய், "ஆத்தா... நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க, இப்படி வாங்க. அண்ணே, நீங்க எத்தனை நோட்டு வெச்சிருக்கீங்க? ஒண்ணா? இப்படி வாங்க" என்று பத்து நிமிஷத்தில் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார். துப்பாக்கிக்காரருக்கு ஒரே வாக்கியம்: "ஒத்த நோட்டு இந்தப் பக்கம்." "யெஸ் சார்!" வரிசை கயிறு போட்ட மாதிரி நின்றது.

சாயங்காலம் நாலு மணிக்கு, ஒற்றை நோட்டோடு வந்த அறுபத்தேழு பேரில் ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை. நூறு ரூபாய் நோட்டு கொஞ்சம் மிச்சம்.

இதையெல்லாம் ரீஜினல் ஆபீஸில் சொன்னபோது, "நல்ல டீம் ஒர்க்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல். எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டுவதற்கும் அதுதான் பெயர், இதற்கும் அதுதான் பெயர்.

அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கே இந்தச் சங்கடம் உண்டு. மேனேஜ்மென்ட் குரு பீட்டர் டிரக்கர் 1999-ல் எழுதிய ஒரு கட்டுரையில் மனிதர்களைப் படிப்பவர், கேட்பவர் என்று பிரிக்கிறார். அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் படிக்கிற ஆள். தளபதியாக இருந்தபோது நிருபர்களின் கேள்விகள் முன்கூட்டியே எழுத்தில் அவர் கைக்கு வந்துவிடும். வெளுத்துக் கட்டினார். ஜனாதிபதி ஆனதும் நேருக்கு நேர் கேள்வி, பதில் எங்கெங்கோ போயிற்று. அதே நிருபர்கள் கேலி செய்தார்கள். லிண்டன் ஜான்சன் கேட்கிற ஆள். படிக்கிறவரான கென்னடி வைத்திருந்த, எழுதுவதில் சூரர்களான உதவியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். அவர்களும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றும் ஏறவில்லையாம்.

நம்மவர் இதில் யாருக்கும் இளைத்தவர் இல்லை. எதிரே இருப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரிந்து பேசுவதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். 72-வது, அவையறிதல். பேங்க் ட்ரெயினிங் காலேஜில் நாலு கலர் பேனாவுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு போதும், ஆளுக்கு ஒரு குறள் புத்தகம் கொடுத்திருக்கலாம்.

அந்த வருடம் அம்மாளின் மதிப்பீட்டை எழுதவேண்டியவன் நான். 'முன்முயற்சி' என்ற கட்டத்தில் இரண்டே வரிதான் இடம். ஒட்டுக் காகிதம் வைத்து அந்த அறுநூறு நோட்டுக் கணக்கை முழுசாக எழுதினேன். இப்படி ஒட்டுப்போட விதி உண்டா என்று மேலே இருந்து கேட்டார்கள். கூடாது என்று விதி இல்லையே என்று பதில் எழுதினேன். ஆனால் இன்டர்வியூ பத்து நிமிஷம்தானே. கேள்வி கேட்டு மூச்சு விடுவதற்குள் பதில் வரவேண்டும். அந்தத் தடவையும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் போர்டில் யாரோ ஒரு புண்ணியவான், "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தாராம். டீ வந்து, குடித்து முடிப்பதற்குள் ஒரு பதில் தயாராகிவிட்டது. பாஸ்!

2023 மே 19, வெள்ளிக்கிழமை. 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறப்போவதாக ரிசர்வ் பேங்க் அறிவித்தது. நான் அதற்குள் ரிட்டயர் ஆகி, பேரனுக்குப் பம்பரம் விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரியே பழைய ஸ்டாஃப் ஒவ்வொருவராக ஃபோன். 'ஏன் சார் இப்ப போய்?' என்று ஒருத்தி. 'சர்க்குலர் காப்பி இருக்கா சார்?' என்று ஒருத்தர். ஹெட் கேஷியர் மட்டும், "நான் அன்னிக்கே சொன்னேன் சார், கையில புடிச்சப்பவே அது நிக்காதுன்னு தெரிஞ்சுது" என்றார்.

அந்த அம்மாளின் ஃபோன் மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தது. இப்போது அவர் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிளைக்கு மேனேஜர்.

"சார், ராத்திரி யோசிச்சேன். இந்தத் தடவை ஆளுக்கு இருபதாயிரம் வரைக்கும் மாத்தலாம், ஆனா ஐந்நூறு நோட்டு நிறைய இருக்கு. பிரச்னை வராது. கணக்குப் போட்டுட்டேன்."

"பின்னே எதுக்கும்மா ஃபோன்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தலையைச் சாய்த்திருப்பார்.

"எங்க பிராஞ்சுல ஒரு பையன் சார். வாய் ஓயாது. பேசினாத்தான் அவனுக்கு யோசனையே வருது. மீட்டிங்ல என்னால ஒரு வார்த்தை சொல்ல முடியல."

"என்ன பண்ணப் போறீங்க?"

"வரிசை பக்கத்துல நிக்க வெச்சுப் பேச விட்டுடலாம்னு இருக்கேன். ஜனங்களுக்கும் பொழுதுபோவும். சாயங்காலம் அவன் பேசினதுல எதாவது தேறுமான்னு நான் எழுதி எடுத்துட்டுப் போய், ராத்திரி பார்த்துக்கறேன்."